முதல் முளைக் குழம்பு

அந்த வருஷம் மேலக்கரம்பையில் வெங்காயம் முளைக்கவில்லை, வெங்காயம் முளைக்காததால் பட்டறை திறக்கவில்லை, பட்டறை திறக்காத ஆடி மாசத்தில் என் மாவு பொங்குவதை நிறுத்தியது, என் மாவு நின்ற அதே வாரத்தில் என் பின்வீட்டில் குடியிருந்த ஹெப்சிபாவின் வயிற்றில் ஏழு மாதத்துப் பிள்ளை வளர்வதை நிறுத்திவிட்டுச் சும்மா படுத்துக்கொண்டது.

இதில் எது எதை நிறுத்தியது என்று ஊரில் இன்றும் பேசி முடியவில்லை. நான் மாவு அரைத்து விற்கிறவள். மங்கையர்க்கரசி என்று பேர் வைத்தார்கள், மாவு மங்கை என்று கூப்பிடுகிறார்கள். எனக்குத் தெரிந்ததை எனக்குத் தெரிந்த வரிசையில் சொல்கிறேன். குறுக்கே பேசுகிறவர்கள் வேறு கடையில் மாவு வாங்கிக்கொள்ளலாம்.

எங்கள் ஊரில் சின்ன வெங்காயம் தவிர வேறு பேச்சு கிடையாது. ஐப்பசி ஈரத்தில் ஊன்றி, தை கடைசியில் பிடுங்கி, தாள் காய்ந்ததும் அறுத்து, மாசியில் பட்டறை போடுவோம். கல் அடுக்கி, கல்லின் மேல் மூங்கில் பரப்பி, இரண்டு பக்கமும் தட்டி கட்டி, நடுவே வெங்காயத்தைக் கொட்டி, மேலே கரும்புச் சோகை வேய்ந்து, காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறுகிற மாதிரி வீட்டுக்கு முன்னால் நீளமாக நிற்கும் அது. வீடு ஒழுகினாலும் பட்டறை ஒழுக விடமாட்டோம்.

பட்டறை திறக்க எங்கள் ஊரில் நாள் பார்ப்பதில்லை, முளை பார்ப்போம். ஆடிக் காற்றில் ஈரம் ஏறியதும் ஏதோ ஒரு வீட்டுப் பட்டறையில், தட்டி இடுக்கில், ஒரு வெங்காயம் பச்சையாக மூக்கை நீட்டும். அந்த வீட்டுக்காரர்கள் அதை மறைக்கக் கூடாது. வீட்டிலிருப்பவர்கள் கிடைக்கிற முளைகளைக் கிள்ளி, துவரம்பருப்பு போட்டு ஒரு பானை குழம்பு வைத்து, வீடு வீடாக ஒரு கரண்டி ஊற்றிக்கொண்டு போக வேண்டும். அந்தக் குழம்பை வாயில் வைத்த வீடு அன்றைக்கே தன் பட்டறையைத் திறந்துவிட வேண்டும், ஏனென்றால் ஒன்று முளைத்தால் பக்கத்தில் இருப்பதும் முளைக்கும், முளைத்ததை எவனும் வாங்கமாட்டான். குழம்பு வரும்வரை, விலை வானத்துக்கே ஏறினாலும், ஒருவரும் ஒரு கூடை கூட எடுக்கக் கூடாது. எல்லாரும் ஒன்றாகத் திறந்தால்தான் எல்லாருக்கும் ஒரே விலை. நிலத்து வரப்பில் பொய் சொல்லியிருக்கிறோம், பொண்ணு பார்க்க வந்தவர்களிடம் வயசைக் குறைத்திருக்கிறோம், முளை விஷயத்தில் மட்டும் இந்த ஊர் பொய் சொன்னதில்லை.

ஹெப்சிபா நாகர்கோவில் பக்கம். சர்க்கார் வெங்காய ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானி, வெங்காய டாக்டர் என்போம். எங்கள் ஊர் நிலத்தில் சோதனைப் பாத்தி போட வந்தவள் என் பின்வீட்டில் வாடகைக்கு வந்து பத்து வருஷமாகத் தங்கிவிட்டாள். வந்த வாரத்தில் என்னிடம் முதலில் கேட்டது உப்பும் இல்லை, விளக்குமாறும் இல்லை.

"எக்கா, நாறிப்போன கருவாடு ஏதாவது கிடக்கா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகுதான் விளக்கினாள். வெங்காயப் பூவுக்குத் தேனீயை விட ஈ நல்ல வேலைக்காரனாம். வலைக் கூண்டுக்குள் பூத்த வெங்காயத்தை நிறுத்தி, கருவாட்டைத் தொங்கவிட்டு ஈயை வரவழைத்து, தனக்கு வேண்டிய ஆணையும் வேண்டிய பெண்ணையும் சேர்த்து வைப்பதுதான் அவள் உத்தியோகம். ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தக் கல்யாணங்களைப் பார்த்தது. மீந்த கருவாட்டை நான் கொல்லைக் குப்பைமேட்டில் வீசுவேன்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை. பட்டறையில் நீண்ட நாள் முளைக்காமல், அழுகாமல் கிடக்கிற வெங்காயம் வேண்டும். அதற்காக வருஷா வருஷம் தன் வெங்காயங்களைத் தட்டில் பரப்பி வைத்துக் காவல் காப்பாள். எது முதலில் முளைக்கிறதோ அதைத் தூக்கிக் குப்பைமேட்டில் எறிவாள். எது கடைசியில் முளைக்கிறதோ அதைப் பிள்ளையை எடுப்பதுபோல் எடுத்து வைத்து, அடுத்த வருஷம் அதற்கும் அதைப்போல் தூங்கின இன்னொன்றுக்கும் கருவாட்டுக் கல்யாணம் செய்து வைப்பாள். எறிந்தவற்றுக்கு அவள் வைத்த பேர் அவசரக்காரி. வைத்துக்கொண்டதற்கு ஊர் வைத்த பேர் தூங்குமூஞ்சி. சர்க்கார் காகிதத்தில் அதற்கு ஏதோ எண் இருந்தது, அந்த எண் யார் வாயிலும் நுழையவில்லை.

இதற்கிடையில் அவளுக்கும் பிள்ளை இல்லாமல் இருந்தது. புருஷன் ஜெபஸ்டின் தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார், லீவு கிடைக்கும்போது வந்து போவார். வெங்காயத்துக்கு ஆள் பார்த்துக் கட்டி வைக்கிறவளுக்குத் தனக்கு ஒன்று இல்லையே என்று பேசாத வாய் ஊரில் இல்லை, என் வாய் உட்பட. தூங்குமூஞ்சி தேறியது, ஊரே அதை வாங்கி ஊன்றியது, பழைய வெங்காயத்தை விதைக்குக்கூட வைக்காமல் தின்று தீர்த்தது, மாசியில் அத்தனை பட்டறையிலும் தூங்குமூஞ்சி மட்டுமே ஏறியது. அந்த மாசியில் ஹெப்சிபா மூன்று மாதம். ஆனியில் ஏழாவது மாதம், என் வீட்டு வாசலில் பந்தல் போட்டு, அம்மன் கோயில்காரிகளும் சர்ச்சுக்காரிகளுமாகச் சேர்ந்து அவளுக்கு வளையல் அடுக்கினோம். அவள் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன்.

பிறகு ஆடி வந்தது. காற்று வந்தது, தூறல் வந்தது, முளை வரவில்லை.

முதலில் கொண்டாட்டம்தான். ஒரு வெங்காயம் அழுகவில்லை, ஒன்று சுருங்கவில்லை, தட்டி இடுக்கில் கையை விட்டு எடுத்தால் நேற்றுப் பிடுங்கியது மாதிரி கிண்ணென்று இருந்தது. விலை ஏற ஏற, ஆண்கள் பட்டறைக்கு முன்னால் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் பொன்னுரங்கம் சிரித்துச் சிரித்துத் தாடை வலிக்கிறது என்றார். நான்தான் மாவுப் பானையைத் திறந்து பார்த்து மூடி, திறந்து பார்த்து மூடி, உளுந்தை மாற்றி, அரிசியை மாற்றி, கடைசியில் அரைக்கிற கல்லையே சந்தேகப்பட்டு நின்றேன். ராத்திரி வைத்த மாவு காலையில் வைத்தபடியே இருந்தது. அதில் ஊற்றிய இட்லியை நாய் முகர்ந்து பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தது.

என் மாவோடு நின்றிருந்தால் ஊர் என்னைத்தான் குறை சொல்லியிருக்கும். பால் உறையவில்லை. அடைகாத்த கோழி அடையை விட்டு எழுந்திருக்கவே இல்லை, முட்டை பொரியவும் இல்லை, கெடவும் இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் ஆடுகிற பல் ஆடிக்கொண்டே இருந்தது. தலைமுடி வளராததால் சலூன் குணசேகர் கத்திரியை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போய்விட்டார். முளைப்பாரிக்கு ஓட்டில் போட்ட நவதானியம் போட்டபடி கிடந்தது. அம்மனை ஏமாற்ற முடியாது என்பதால் வெறும் மண் ஓடுகளைத் தலையில் தூக்கிக்கொண்டு தெரு நெடுக நடந்து, பச்சையைச் சுற்றி அடிக்க வேண்டிய கும்மியை மண்ணைச் சுற்றி அடித்தோம். தொடங்க வேண்டியது எதுவும் எங்கள் ஊரில் தொடங்கவில்லை, முடிய வேண்டியது எதுவும் முடியவில்லை.

ஊர் என்பது எதற்கும் பழகிவிடும். புளிக்காத மாவில் கொழுக்கட்டையும் அடையும் புட்டும் செய்யச் சொல்லி என் கடைக்கு வந்தார்கள். மோர் விற்றவள் பால் விற்றாள். பல் விழாத பிள்ளைக்குப் பாட்டு ஒன்று கட்டினார்கள். நகம் வெட்ட வேண்டாம், சவரம் வேண்டாம், நல்லதுதானே என்றார்கள். நல்லதுதானே, நல்லதுதானே என்று ஆவணி முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் புரட்டாசியில் அதைக் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார்கள்.

ஹெப்சிபா மட்டும் ஒரு தடவை கூடச் சொல்லவில்லை. ஆவணியில் பிறந்திருக்க வேண்டிய பிள்ளை. டவுனில் டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துப் பார்த்தாள், மறுபடி எடுத்துப் பார்த்தாள். இதயம் அடிக்கிறது, குறை ஒன்றும் இல்லை, ஆனால் ஏழு மாதத்து எடைதான், போன மாசம் இருந்த அதே எடை. இப்போது அறுத்து எடுத்தால் இத்தனை சின்ன உயிர் தாங்குமா என்று சொல்ல முடியாது, வளரட்டும், காத்திருப்போம் என்றாள். ஹெப்சிபா அம்மா வீட்டுக்கு நாகர்கோவில் போய் ஒரு மாசம் இருந்து பார்த்தாள். அங்கேயும் வயிறு வளரவில்லை. பத்து வருஷமாகப் பாத்திக்குப் பாத்தி கடித்து ருசி பார்த்த தூங்குமூஞ்சி அவள் உடம்பெல்லாம் ஊறிக் கிடந்தது. பழையபடி பெட்டியோடு என் வாசலில் வந்து இறங்கினாள்.

"எக்கா, கையைத் தாங்க," என்று என் கையை எடுத்து வயிற்றில் வைத்தாள். உள்ளே மெதுவாக ஒரு தட்டல். சற்றுப் பொறுத்து அதே இடத்தில் அதே மாதிரி இன்னொரு தட்டல். "தூங்குது. நான் தூங்குறதை மட்டுமே பொறுக்கி எடுத்தேன்லா, அதான் என் பிள்ளையும் தூங்குது."

"அப்படியெல்லாம் சொல்லாதே கண்ணு," என்றேன்.

ஐப்பசியில் மழை பெய்து, பட்டறையில் ஏற்றாமல் விதைக்கென்று தனியாக வைத்ததை ஊன்றி, அது ஊன்றியபடி மண்ணில் கூழாங்கல்லாகக் கிடந்தபோதுதான் ஊருக்கு உறைத்தது. இனி வெங்காயம் விளையப்போவதில்லை என்றால் பட்டறையில் இருப்பதுதான் கடைசி. கடைசி என்று தெரிந்ததும் ஒவ்வொருவரும் கட்டிலைப் பட்டறைக்கு இன்னும் நெருக்கிப் போட்டார்கள். முளை வராமல் திறக்கவும் கூடாது, திறக்க மனசும் இல்லை. சிரிப்பு போய்விட்டது. பொன்னுரங்கம் தூக்கத்தில் தட்டியைத் தடவிப் பார்க்க ஆரம்பித்தார்.

ஹெப்சிபா தூங்குமூஞ்சியை எழுப்பப் பார்த்தாள். கழுத்தை அறுத்து ஊன்றினாள், ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்தாள், வெந்நீரில் போட்டாள், சாம்பலில் புரட்டினாள், புகை போட்டாள். கடைசியில் ஒன்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, எழும்பு, எழும்பு மக்களே என்று தன் ஊர் வழக்கில் பிள்ளையைக் கூப்பிடுவதுபோல் கெஞ்சியதை நான் சுவர் மேலாகப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். எழுப்ப வேண்டுமென்றால் முளைக்கிற வெங்காயம் ஒன்று பக்கத்தில் வேண்டும். முளைக்கிற சாதியைத்தான் அவளும் எறிந்துவிட்டாள், நாங்களும் தின்றுவிட்டோம். பக்கத்து ஊர்களில் வாங்கி வந்து வைத்தாலும் எங்கள் எல்லைக்குள் வந்ததும் அதுவும் கண்ணை மூடிக்கொண்டது.

கார்த்திகை அடைமழையில் ஒருநாள் மத்தியானம் கொல்லையிலிருந்து அவள் குரல் கேட்டது. விழுந்துவிட்டாளோ என்று ஓடினேன். குப்பைமேட்டில், சாணியும் முட்டை ஓடும் என் கருவாட்டுத் தலைகளும் கிடக்கிற இடத்தில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தாள். அவள் முன்னால் விரல் நீளத்துக்கு ஒரு பச்சை.

"எக்கா, அவசரக்காரியாக்கும்!"

பத்து வருஷமாக அவள் எறிந்த அவசரக்காரிகள் அந்த மேட்டில் ஒருவருக்கும் தெரியாமல் பூத்திருக்கிறார்கள். என் கருவாட்டுக்கு வந்த ஈ அவர்களுக்கும் வேலை செய்திருக்கிறது. அவசரக்காரியும் அவசரக்காரியும் சேர்ந்து, அந்த விதை விழுந்து முளைத்து மறுபடி சேர்ந்து, எந்தத் தூக்கத்தாலும் பிடித்து வைக்க முடியாத ஒரு பிடிவாதக்காரி வந்திருக்கிறாள். அவளைக்கூட இந்த ஊர் ஐந்து மாசம் அமுக்கி வைத்திருந்தது. ஹெப்சிபா சொல்லச் சொல்ல அழுதாள். நானும் அழுதேன், ஆனால் என் கண் எங்கள் பட்டறைப் பக்கம் போனது.

ஏனென்றால் அடுத்து அவள் என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். அவசரக்காரியை ஏதாவது ஒரு பட்டறைக்குள் வைக்க வேண்டும். வைத்தால் அந்தப் பட்டறை எழும். எழுந்ததை ஒரு பயலும் வாங்கமாட்டான். அங்கே குழம்பு கொதித்தால் ஊர் முழுக்கத் திறக்க வேண்டும். விஷயம் தெருவில் பரவியதும், பச்சையைக் கையில் ஏந்திக்கொண்டு அவள் நடந்தபோது, வளையல் அடுக்கிய அதே பெண்கள் கதவை மூடவில்லை, ஆனால் வாசலில் வந்து நிற்கவும் இல்லை. ஆண்கள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து அவளைப் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். அவள் யாரிடமும் எதுவும் கேட்காமல் தெருவின் கோடிவரை போய்த் திரும்பி வந்தாள்.

நான் பொன்னுரங்கத்திடம் போய் நின்றேன்.

"என்னங்க."

"தெரியும். பேசாத."

"அந்தப் புள்ள..."

"தெரியும்னு சொல்றேன்ல." அவர் தட்டியில் சாய்ந்துகொண்டார். அந்த வெங்காயத்தில் அவருடைய முதுகு இருந்தது, முட்டி இருந்தது, எனக்குத் தெரியாதா. மழை நின்று சோகையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டு நின்றதும் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டார். "நீயே வச்சிடு. நான் பார்க்கல," என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். நான் தட்டியை விலக்கினேன். ஹெப்சிபா அவசரக்காரியை உள்ளே, நட்ட நடுவில், தூங்குமூஞ்சிகளுக்கு நடுவே படுக்க வைத்தாள்.

விடிந்தபோது எங்கள் பட்டறை பச்சையாக இருந்தது. தட்டி இடுக்கிலெல்லாம் முளை. பொன்னுரங்கம் அதைப் பார்த்துவிட்டு விறகு எடுத்து வந்து போட்டார். முளையைக் கிள்ளினேன், பருப்பை வேக வைத்தேன், புளி கரைத்தேன், தாளித்தேன். வாசனை தெருவுக்குப் போனது. ஐந்து மாசமாக அந்த வாசனைக்குக் காத்திருந்த தெரு அன்றைக்கு அதற்குப் பயந்தது.

பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை, முளை விஷயத்தில் பொய் சொல்லாத ஊர் இல்லையா. ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். ஒருவர் குடித்துவிட்டு என்னைத் திட்டினார். சலூன் குணசேகரின் பெண்சாதி இரண்டாம் கரண்டி கேட்டாள். ஒவ்வொரு வீடாகத் தட்டியை அவிழ்த்தார்கள், ஒவ்வொரு பட்டறையாகப் பச்சை பாய்ந்தது. நான் நடுவில் ஓடிப்போய் என் மாவைப் பார்த்தேன். மேலே ஒரே ஒரு குமிழி வந்திருந்தது, அவ்வளவுதான். ஹெப்சிபா வாசல்படியில் உட்கார்ந்து வயிற்றில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். தலையை ஆட்டினேன். இன்னும் ஒரு பட்டறை பாக்கி இருந்தது, ஊரிலேயே பெரியது, கோடி வீட்டு வைத்திலிங்கத்தினுடையது.

வைத்திலிங்கம் பேராசைக்காரர் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். அவருடைய அப்பா சடையப்பர் ஆடிப் பிறப்பன்று படுத்தவர், இன்னும் ரெண்டொரு நாள்தான் என்று சொல்லி டவுன் ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பியவர். வீட்டில் சொந்தக்காரர்கள் கூடி, துளசித் தண்ணீர் ஊற்றி, பந்தல்காரனுக்குச் சொல்லியும் அனுப்பினார்கள். அதற்குள் வெங்காயம் தூங்கிவிட்டது. சடையப்பரின் கடைசி மூச்சும் வராமல் நின்றுவிட்டது. அவர் கண்ணைத் திறக்கவில்லை, வாயைத் திறக்கவில்லை, மூச்சு மட்டும் போய் வந்துகொண்டிருந்தது. மகன் தினமும் உடம்பைத் துடைத்து, வேட்டி மாற்றி, பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"உள்ள வா மங்கை," என்றார். நான் பானையோடு உள்ளே போனேன்.

"இதைக் குடிச்சா நான் திறக்கணும்."

"ஆமாண்ணே."

"திறந்தா அப்பா போயிடுவாரு."

பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். "போயிடுவாருண்ணே," என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் யாருக்கும் சொன்னதில்லை. "அது பொறக்காத புள்ள. இவரு என்னைத் தோள்ல தூக்கிட்டு நடந்தவரு. நீயே சொல்லு மங்கை, நான் எதை எடுக்கிறது?"

பின்னால் சத்தம் கேட்டது. ஹெப்சிபா சுவரைப் பிடித்துப் பிடித்து அவ்வளவு தூரம் நடந்து வந்திருந்தாள். இவள் காலில் விழுந்துவிடுவாளோ என்று எனக்குப் பதைத்தது. அவள் விழவில்லை, கேட்கவும் இல்லை.

"அண்ணே, நீங்க குடிக்காண்டாம்," என்றாள். "அப்பாவைப் பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்." கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. அவளுடைய மூச்சும் கிழவருடைய மூச்சும் மாறி மாறிக் கேட்டன. நான் பானையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் இறக்கினேன், கை கடுத்துப்போயிருந்தது, அதனால்தான் இறக்கினேன்.

குழம்பின் ஆவி மேலே போனது. சடையப்பர் மூக்கு விடைத்தது. அவர் கண்ணைத் திறக்கவில்லை. ஐந்து மாசமாக ஒரு சொட்டுத் தண்ணீருக்குத் திறக்காத வாயைத் திறந்தார்.

திறந்தபடியே வைத்திருந்தார். எங்கள் மூன்று பேருக்கும் அது நன்றாகத் தெரிந்தது. வைத்திலிங்கம் அப்பா, அப்பா என்று கூப்பிட்டுப் பார்த்தார். வாய் மூடவில்லை. குழந்தை சோற்றுக்குத் திறப்பதுபோல் திறந்து, காத்திருந்தது. வைத்திலிங்கம் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, என் கரண்டியை வாங்கி, குழம்பை ஊதி ஊதி ஆற்றி, அப்பாவின் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். அவர் விழுங்கினார். தொண்டை ஏறி இறங்கியது. பிறகுதான் வாயை மூடினார்.

கரண்டியில் மீந்ததை வைத்திலிங்கம் தானே குடித்தார்.

"உப்பு கம்மி மங்கை," என்றார்.

அரிவாளை எடுத்துக்கொண்டு வெளியே போய்த் தட்டியின் கயிற்றை ஒவ்வொன்றாக அறுத்தார். ஒவ்வொரு கயிறு அறுபடும்போதும் உள்ளே திரும்பிப் பார்த்தார். தட்டி சாய்ந்து வெங்காயம் தெருவில் சரிந்தது, சரியும்போதே பச்சை விட்டது. அரிவாளைப் போட்டுவிட்டு ஓடி வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் ஹெப்சிபாவைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டி வந்தேன்.

எங்கள் வீட்டு வாசலில் கால் வைத்தபோது உள்ளே மாவுப் பானையின் மூடி தரையில் விழுந்து உருண்டது. பொங்கி வழிகிற மாவைப் பார்க்க நான் போகவில்லை. ஹெப்சிபா என் கையைப் பிடித்து இழுத்து வயிற்றில் வைத்துக்கொண்டாள். உள்ளே பழைய தட்டல் இல்லை. பிள்ளை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் புரண்டது, புரண்டு உதைத்தது, மறுபடி உதைத்தது.

"எக்கா, எழும்பியாச்சு," என்றாள்.

அப்போது கோடி வீட்டிலிருந்து அழுகைச் சத்தம் வந்தது. நான் போக வேண்டும் என்று கையை எடுத்தேன். அவள் விடவில்லை. பிடித்த கையோடு இரண்டு பேருமே போனோம்.

விற்க முடியாததை ஊன்றத்தான் முடியும். காரியம் முடிந்த மறுநாள் வைத்திலிங்கம்தான் முதலில் வயலில் இறங்கினார், பின்னாலேயே ஊர் இறங்கியது, மீந்த முளைகளை அக்கம்பக்கத்து ஊர்களுக்கெல்லாம் வண்டி வண்டியாக அனுப்பினோம். பல் விழுந்தது, முட்டை பொரிந்தது, குணசேகர் திரும்பி வந்து ஒரு வாரம் நிமிராமல் வெட்டினார். மாசியில் ஹெப்சிபாவுக்கு முழு எடையில் பெண் பிறந்தது. ஜெபஸ்டின் தூத்துக்குடியிலிருந்து வந்து, கிரேனில் பாரம் தூக்குகிறவர், அந்தச் சின்னதைத் தூக்கக் கையை எப்படிக் கொடுப்பது என்று என்னைக் கேட்டார். ஹெப்சிபா இப்போது தூங்குமூஞ்சிக்கும் அவசரக்காரிக்கும் கருவாட்டுக் கல்யாணம் செய்து பார்க்கிறாள். கொஞ்சம் தூங்கட்டும், வேளை வந்தால் தானாக எழும்பட்டும், அது போதும் என்கிறாள்.

அடுத்த ஆடியில் முதல் முளை வைத்திலிங்கம் பட்டறையில் வந்தது. அவர் பெண்சாதியைச் செய்ய விடாமல் தானே அடுப்படியில் நின்று குழம்பு வைத்தார். கோடியிலிருந்து தொடங்காமல், பானையைத் தூக்கிக்கொண்டு நேராக எங்கள் கொல்லைக்கு வந்து, ஹெப்சிபாவின் வாசலில் நின்றார். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் கிண்ணத்தை நீட்டினாள், நானும் நீட்டினேன். ஊற்றிவிட்டு, எப்படி இருக்கிறது என்று கேட்காமல், பிள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

குழம்பு உப்புக் கரித்தது. நாங்கள் கடைசிச் சொட்டுவரை கிண்ணத்தைக் காலி செய்தோம்.